இன்னும் பக்குவம் காணாது

அமெரிக்கன் ஃபுட்போல் எண்டால் காலால அடிக்கிற விளையாட்டில்லை. முட்டை வடிவில ஒரு பந்தைக் கையில வச்சுக்கொண்டு, மலை போல ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் இடிச்சு விழுத்திற விளையாட்டு. அதில குவாட்டர்பேக் எண்டு ஒருத்தன் நிப்பான். பந்து முதலில அவன்ர கைக்குத்தான் வரும். ஆருக்கு எறியிறது, எப்ப எறியிறது, எல்லாம் அவன்தான் முடிவெடுக்க வேணும். அதுக்கிடையில எதிர்ப்பக்கத்துத் தடியங்கள் நாலு பேர் அவனைப் போட்டு மிதிக்க ஓடி வருவாங்கள். ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் தமிழ்ச் சனத்துக்குள்ள இந்தக் கண்டறியாத விளையாட்டு விளங்கின ஒரே பெரிய மனுசன் அல்பேர்ட்தான். விளங்காமல் என்ன செய்யிறது? பெத்த பெடியன் அதுக்கெண்டே நேர்ந்துவிட்ட மாதிரியெல்லோ நிண்டான்.

பெடியன் யூட்சனுக்கு இருபது வயசு. சின்னனில பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருத்தன் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினது, பேந்து விடவேயில்லை. அண்டையில இருந்து எந்த ஊரில மட்ச் எண்டாலும் பழைய ஓப்பல் காரில ஏத்திக்கொண்டு போனது அல்பேர்ட்தான். டிப்போவில பஸ் கழுவுற வேலையை முடிச்ச கையோட, குளிருக்குள்ள வாங்கிலில குந்தியிருந்து பார்ப்பார். ஒண்டையும் தவறவிட்டதில்லை. ஆனால் கோயிலடியில சனம், உவன் உந்த முட்டையை எறிஞ்சு என்னத்தைச் சாதிக்கப்போறான் எண்டு கேட்டால், "ஓமோம், விசர் விளையாட்டு, உவனுக்கு அதுவும் ஒழுங்கா வராது" எண்டு தானும் சேர்ந்து சிரிச்சுப்போட்டு வருவார். பெடியன் பக்கத்தில நிண்டாலும் அப்படித்தான்.

போன வருசம் யூட்சன் அவுஸ்பில்டுங் எண்ட தொழிற்பயிற்சியை முடிச்சான். தொழில் பழகின தொழிற்சாலையே நிரந்தர வேலை தாறம் எண்டது. அதே நேரம் பார்த்து நெக்கார் ரைஹர் எண்ட அணி அவனை ரெண்டாவது குவாட்டர்பேக்காக, முதல் ஆளுக்கு ஏலாட்டி மட்டும் இறங்கிற ஆளாக, எடுத்தது. முதலாம் பிரிவு, சம்பளத்துக்கு விளையாடுற அணி. யூட்சன் தொழிற்சாலைக்காரரிட்ட ஒரு வருசம் தவணை கேட்டான். தாய் புஷ்பமலர் ரெண்டு நாள் கதைக்காமல் இருந்துபோட்டு ஒரு நிபந்தனையோட இறங்கி வந்தா. ஒரேயொரு வருசம். அதுக்குள்ள முதல் ஆளா இறங்கி விளையாடினால் அவன்ர பாடு. இல்லாட்டி மறுபேச்சில்லாமல் தொழிற்சாலை. யூட்சன் மாதா படத்துக்கு முன்னால தலையாட்டினான்.

வாங்கிலில இருந்தே வருசம் கழியப்போகுது எண்டுதான் எல்லாரும் நினைச்சினம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் குவாட்டர்பேக்கா இருந்த அமெரிக்கப் பெடியனை ரெண்டு பேர் சேர்ந்து நிலத்தில அடிக்க, அவன்ர தோள் மூட்டு விலகிப் போச்சு. வருசம் முழுக்க அவனுக்கு விளையாட ஏலாது. கடைசிப் பகுதிக்கு யூட்சனை இறக்கினாங்கள். ரெண்டு தரம் எறிஞ்சு புள்ளி எடுத்துக் குடுத்தான். மூண்டாவதை எதிர்ப்பக்கத்தான் பறிச்சுக்கொண்டு ஓடினான். மயிரிழையில தோல்வி.

இனி என்ன செய்யிறது? கோச் ஹோல்கருக்கு ரெண்டு வழிதான். அமெரிக்காவில இருந்து புது ஆளை எடுக்கலாம். எடுக்கிறதெண்டால் சனிக்கிழமைக்கு முன்னம் பதிய வேணும். இல்லாட்டி மிச்ச வருசத்தை யூட்சன்ர கையில குடுக்கலாம்.

ரைஹர் ரசிகர்மார் வியாழக்கிழமையில கிளப் வீட்டில ஒரு மேசையில கூடுவினம். ஸ்டம்டிஷ் எண்டு சொல்லுவினம். எப்பவும் அதே மேசை, அதே கதிரை, அதே பியர். அல்பேர்ட்டும் போவார், அப்பிள் யூஸோட ஒரு ஓரத்தில இருப்பார். அண்டைக்கு மேசையில வேற கதையே இல்லை.

ரால்ஃப் எண்டு ஒரு ட்ராம் ஓட்டி, பென்சன் எடுத்தவர். அவர் வந்து இருக்கமுன்னமே தொடங்கிட்டார். பெடியன்ர கை நல்ல கைதான், அதை ஆர் இல்லையெண்டது. ஆனால் இளையோர் அணியில எறியிறது வேற, இங்க எறியிறது வேற. பந்தைக் கனநேரம் கையில வச்சிருக்கிறான். மைதானத்தின்ர ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறான். இப்படி அவசரப்பட்டு இறக்கி, நாரி முறிஞ்சு போன பெடியளை நான் கண்டிருக்கிறன் எண்டு மனுசன் ஒப்பாரி வச்சார். உர்சுலா எண்ட நேர்ஸ் மனுசி விடேல்லை. வாங்கிலில இருந்து ஆர் பழகினது, இறக்கினால்தானே தெரியும், ரெண்டு தரம் புள்ளி எடுத்தவனும் அவன்தானே எண்டு மேசையில தட்டினா. பறிகுடுத்த பந்துக்கு என்ன சொல்லுறாய் எண்டார் ரால்ஃப். அது அவன்ர பிழையோ, பந்தை வாங்க ஓடினவன்ர பிழையோ ஆருக்குத் தெரியும் எண்டா உர்சுலா.

அல்பேர்ட்டுக்குத் தெரியும். பந்தை வாங்க ஓடினவன்தான் பிழையான பக்கம் திரும்பினவன். யூட்சன் அதை ஒருத்தருக்கும் சொல்லாமல் பழியைத் தன்ர தலையில போட்டுக்கொண்டு வந்தவன். அதை நினைக்க அல்பேர்ட்டுக்கு நெஞ்சு நிறைஞ்சு போயிருந்தது. தன்ர பிள்ளை ரெடி எண்டு அவருக்கு அச்சொட்டாத் தெரியும். அந்த மேசையில இருந்த ஒருத்தருக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும். எண்டாலும் அப்பிள் யூஸைக் குடிச்சுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் கோச் ஹோல்கர் உள்ள வந்தார். வழமையா வாற ஆளில்லை. கதிரையை இழுத்து அல்பேர்ட்டுக்குப் பக்கத்தில போட்டார்.

"அல்பேர்ட், நான் சுத்தி வளைக்கேல்லை. நீங்கள் அவன்ர ஒவ்வொரு மட்ச்சும் பார்த்தனீங்கள். யூட்சன் ரெடியா?"

கவனிச்சுக் கேளுங்கோ, இங்கதான் எல்லாம் நடந்தது. நாலு பேருக்கு முன்னால சொந்தப் பிள்ளையைப் புகழுறது எங்கட ஆக்களின்ர வழக்கமில்லை. கண்ணூறு படும். பாதர் கேட்டால் சிரிப்பார்தான், எண்டாலும் புஷ்பமலர் இண்டைக்கும் மட்ச்சுக்கு முதல்நாள் உப்பும் செத்தல் மிளகாயும் சுத்திப் போடுற ஆள். ஆரும் பிள்ளையைப் பற்றிக் கேட்டால், எங்க, உவன் மொக்கன் எண்டு சொல்ல வேணும். உடன கேட்டவர், சும்மா இருங்கோ அண்ணை, உங்கட பெடியன் தங்கம் எண்டுவார். நாங்கள், சரி, நீங்கள் சொல்லுறியள் எண்டு விட்டுக்குடுப்பம். அப்பதான் கதை முடியும். முதல் பாதியை நாங்கள் சொல்லுறது, மற்றப் பாதியை அவை சொல்லுறது.

அல்பேர்ட் தன்ர பாதியைச் சொன்னார். நல்ல டொச்சு மொழியில, தெளிவா.

"எங்க, அவனுக்கு இன்னும் பக்குவம் காணாது. குழந்தைப்பிள்ளை."

சொல்லிப்போட்டு மற்றப் பாதிக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோல்கர் தலையாட்டினார். ரால்ஃப், நான் சொன்னனான்தானே எண்ட மாதிரிக் கதிரையில சாய்ஞ்சார். ஒருத்தரும் ஒண்டும் மறுத்துச் சொல்லேல்லை. தான் சொன்னது காணாதாக்கும், இன்னும் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னால் ஆரும் பொறுக்கேலாமல் எழும்பி மறுப்பினம் எண்டு நினைச்சார் பாவி மனுசன். மட்ச்சுக்கு முதல்நாள் உவன் நித்திரை கொள்ளமாட்டான் எண்டார். பயந்த சுபாவம் எண்டார். பந்தைக் கனநேரம் வச்சிருக்கிறான், ரால்ஃப் சொல்லுறதும் சரிதான் எண்டார். உர்சுலா மட்டும் வாயைத் திறக்கப் பார்த்துப்போட்டு, பெத்த தகப்பனே சொல்லேக்க தனக்கென்ன கதை எண்டு குனிஞ்சிட்டா.

ஹோல்கர் எழும்பி அவர்ர தோளில கை வச்சார். இப்படி நேர்மையாச் சொல்லுற தகப்பன்மார் குறைவு, நன்றி எண்டுபோட்டுப் போனார்.

வீட்டை வந்து அல்பேர்ட் மனுசிக்கு முழுக்கச் சொல்லேல்லை. கோச் வந்து தன்னட்ட அபிப்பிராயம் கேட்டவர் எண்டு மட்டும் சொன்னார். நீங்கள் பிள்ளையைப் பெரிசாப் புளுகேல்லைத்தானே எண்டு புஷ்பமலர் கேட்டா. சீச்சீ எண்டார். நல்லது எண்டா அவ. நேர்மையெண்டு ஹோல்கர் சொன்ன சொல்லு அல்பேர்ட்டின்ர காதுக்குள்ள நிண்டு குடைஞ்சுது. எண்டாலும் கோச்சுக்குக் கண் இருக்குத்தானே, வீடியோ பார்ப்பார்தானே எண்டு தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கிளப் அறிவிச்சுது. அமெரிக்காவில ஒஹாயோவில இருந்து இருபத்தாறு வயசு ஆள் ஒருத்தர் வாறாராம், மிச்ச வருசம் முழுக்க அவர்தானாம்.

அல்பேர்ட் சப்பாத்துக் கயிறும் கட்டாமல் பயிற்சி மைதானத்துக்கு ஓடினார். ஹோல்கர் கூம்புகளை அடுக்கிக்கொண்டு நிண்டார். அல்பேர்ட் மூச்சு வாங்க வாங்க எல்லாத்தையும் சொன்னார். எங்கட வழக்கம் இப்படி, பிள்ளையைப் புகழுறேல்லை, நான் சொன்னதுக்கு அது கருத்தில்லை, அவன் ரெடி, வடிவா ரெடி எண்டு கையெடுக்காத குறையாச் சொன்னார். ஹோல்கர் பொறுமையாக் கேட்டார். நல்ல மனுசன், அதில பிழை சொல்லேலாது.

"வியாழக்கிழமை நான் உங்களை நம்பினனான்," எண்டார். "இண்டைக்கு வேற மாதிரிச் சொல்லுறியள். நான் எதை நம்ப?"

அல்பேர்ட் இனி எதைச் சொன்னாலும் பிரயோசனமில்லை, ஒப்பந்தத்தில கையெழுத்து விழுந்திட்டுது. தனக்கும் ரெண்டு மனமாத்தான் இருந்தது, ஒரு சொல்லுக்காகத்தான் ஸ்டம்டிஷுக்கு வந்தனான் எண்டும் ஹோல்கர் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

வீட்டை வரேக்க யூட்சன் குசினி மேசையில இருந்து சோறு திண்டுகொண்டிருந்தான். தாய் வேலையால இன்னும் வரேல்லை. திங்கக்கிழமை தொழிற்சாலைக்குப் போய்க் கையெழுத்து வைக்கப்போறன் எண்டான், ஏதோ கடைக்குப் போயிட்டு வாறன் எண்டு சொல்லுறமாதிரி. வருசம் முடிய இன்னும் மூண்டு மாதம் கிடக்கெல்லோ எண்டார் அல்பேர்ட். வாங்கிலில இருக்கிறதுக்கோ எண்டு கேட்டான் யூட்சன்.

கோச் அவனுக்கு ஒளிச்சு மறைச்சு ஒண்டும் வைக்கேல்லை. உன்ர அப்பாவும் இதைத்தான் சொன்னவர் எண்டு, ஆறுதலா இருக்குமெண்டு நினைச்சோ என்னவோ, சொல்லியிருக்கிறார். அல்பேர்ட் முன்னால இருந்து திரும்பவும் முதலில இருந்து தொடங்கினார். கண்ணூறு, வழக்கம், மற்றப் பாதி. யூட்சன் இடையில மறிக்கேல்லை. முழுக்கச் சொல்லி முடியவிட்டான்.

"அது எனக்குத் தெரியும் அப்பா. ஆக்களுக்கு முன்னால நீங்கள் அப்படித்தான் சொல்லுவியள் எண்டு தெரியும்," எண்டான். "ஆனால் காருக்குள்ள நாங்கள் ரெண்டு பேருந்தானே. அங்கயும் ஒருநாளும் ஒண்டும் சொன்னதில்லையே."

அல்பேர்ட் யோசிச்சுப் பார்த்தார். எத்தினை வருசம், எத்தினை நெடுஞ்சாலை. றேடியோ போட்டிருப்பார், சன்விச் சாப்பிடன் எண்டிருப்பார், குளிருதோ எண்டு கேட்டிருப்பார். புகழ்ந்து ஒரு சொல்லு வந்த ஞாபகம் இல்லை. அந்த நேரம் இப்ப சொல்லாட்டி எப்பவும் இல்லை எண்டு விளங்கிச்சுது.

"நீ நல்லா விளையாடுறனி. நான் கண்டதுக்குள்ள ஆரும் உன்னை மாதிரி எறியிறேல்லை."

அது பொய்யில்லை. ஒரு சொல்லும் பொய்யில்லை. யூட்சன் சோத்துக் கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவினான். கழுவிக் கவிட்டுப்போட்டு, கையைத் துடைச்சுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

"கோச் தானா உங்களிட்ட வரேல்லை அப்பா. எடுக்கிறதோ விடுறதோ எண்டு குழம்பிக்கொண்டு நிண்டவர். நான்தான், அப்பாட்டக் கேளுங்கோ எண்டு அனுப்பினனான். எனக்குச் சொல்லாட்டியும் அவருக்குச் சொல்லுவியள் எண்டு நினைச்சன்."

அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினான். அடிச்சுச் சாத்தேல்லை, மெதுவாத்தான் சாத்தினான். புஷ்பமலர் வேலையால வந்து லைற்றைப் போட்டு, ஏன் இருட்டுக்குள்ள இருக்கிறியள், பிள்ளை சாப்பிட்டவனோ எண்டு கேட்டா. ஓம், சாப்பிட்டவன் எண்டார் அல்பேர்ட்.