பக்கோடா தின்ற பட்டு

பக்கோடாவின் விலை பூஜ்யத்துக்கும் நூறு ரூபாய் கீழே. ஏனாத்தூரில் அறையைக் காலி செய்த மாணவன் டேபிள் ஃபேனுக்கு நானூறு கேட்டான். பட்டு நெசவாளி வேலாயுதம் முன்னூறைத் தாண்டவில்லை. "சார், இந்த நாய்க்குட்டியையும் எடுத்துக்கினு போயிடு, முன்னூறே குடு" என்றான் பையன். ஃபேன் அடுத்த மாதமே நின்றுபோனது. நாய்க்கு இன்று யாராவது அஞ்சு லட்சம் நீட்டினாலும் வேலாயுதம் வாசல் கதவைச் சாத்திவிடுவார்.

நிறம் பொன்முறுவல், அதனால் பக்கோடா. வாய் மட்டும் மொத்த வியாபாரி வாய். துணி சோப்பு, இடது கால் செருப்பு, தினசரிக் காலண்டரில் ஆடி மாதம் முழுசும் உள்ளே போயிருந்தது. "இது நாயா, காயலாங்கடையா?" என்று பிள்ளையார்பாளையம் தெருவே சிரித்தது. வேலாயுதமும் சேர்ந்து சிரித்தார். அங்கேதான் பிசகினார்.

தறியில் ஏற்றும் பாவு நூலுக்கு, விறைப்பாக நிற்க, அரிசிக் கஞ்சி போடுவார்கள். தறியில் அறுந்து விழும் கழிவு நூலையும் பட்டு கொடுத்த முதலாளியிடம் நிறுத்துத் திருப்ப வேண்டும் என்பதால், வேலாயுதத்தின் மனைவி அம்சவேணி அதை ஒரு டப்பாவில் சேர்ப்பாள். நாய் மூக்குக்கு அது பட்டு இல்லை, சோறு.

வெள்ளிக்கிழமை காலை பக்கோடா தண்ணீர்கூடத் தொடவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு மஞ்சளாக வாந்தி எடுத்தது. வேலாயுதம் சுற்றி வந்து பார்த்தார். வாலுக்கடியில் அரக்கு நிறத்தில் ஒரு நூல் நுனி தொங்கியது.

முப்பத்தைந்து வருஷம் தறியில் உட்கார்ந்த கை. தொங்குகிற நூலை அது சும்மா விடுமா? இழுத்தார். நாலு விரற்கடை வந்தது. பிறகு உள்ளே எதிலோ மாட்டியதுபோல் நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். பக்கோடா கத்திய கத்தலில் அடுப்படியிலிருந்து அம்சவேணி ஓடிவந்தாள்.

"இன்னாங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கால்ல மிதிச்சிட்டேன்."

நாயைத் துண்டில் சுற்றித் தூக்கினார்.

அதே தெருவில் ஆட்டோ ஓட்டும் நமச்சிவாயத்தின் வண்டியில் ஏறினார்கள். "மாப்ள அழைப்பு கணக்கா மடியில வச்சிக்கினு வர்றியே மாமா!" என்றான் அவன். பின்பக்கக் கண்ணாடியில் வேலாயுதத்தின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடி வண்டியை விரட்டினான்.

செவிலிமேட்டில் கால்நடை டாக்டர் பிரவீனாவின் சின்ன கிளினிக். வயிற்றைத் தொட்டதுமே அவள் நெற்றி சுருங்கியது. ஸ்கேன் பார்த்தாள். குடல் சுருக்குப்பை மாதிரி மடிந்து கிடந்தது.

"நூல் நுனி எங்கியோ மாட்டியிருக்கு ஐயா. உடனே ஆபரேஷன் பண்ணணும். வெளியில தொங்கினதை யாராவது இழுத்தீங்களா?"

"இல்லம்மா" என்றார் வேலாயுதம்.

"நல்லவேளை. இழுத்தா குடலை ரம்பம் மாதிரி அறுத்துடும்."

பட்டு அறுப்பதைப் பற்றி யாரும் அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தறி பழகிய முதல் வருஷம் அவர் விரலிலேயே கோடு கோடாக விழுந்திருக்கிறது. விரலுக்காவது தோல் தடிமன் உண்டு. மேஜைமேல் கிடந்த பக்கோடா அவர் கையை ஒருதரம் நக்கியது. இழுத்த அதே கை.

"டாக்டரம்மா... நான்தான் இழுத்தேன். ரெண்டு தபா."

அம்சவேணி அவரைப் பார்த்த பார்வைக்கு, திட்டியிருந்தால் தேவலாம்.

"இப்பவாச்சும் சொன்னீங்களே" என்றாள் பிரவீனா. "அப்ப குடலை அங்குலம் அங்குலமா பாக்கணும். எவ்ளோ தின்னுருக்கும்?"

"பதினோரு கிராம்" என்றாள் அம்சவேணி.

பிரவீனா நிமிர்ந்தாள். "எப்படிம்மா சொல்றீங்க?"

"புதங்கெழம நிறுத்தேன், இருபத்தாறு. காலீல டப்பா தெறந்து கெடந்துது, நிறுத்தேன், பதினஞ்சு. நூலு காத்துல கரையாதும்மா."

ஆபரேஷன் அறைக் கதவு மூடியது. வேலாயுதம் பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டு, தெரியாத சாமிகளையும் கூப்பிட்டார். ஒரு மணி நேரம் கழித்து, கையுறையோடு கதவிடுக்கில் வந்த பிரவீனா ஒரு கிண்ணத்தை நீட்டினாள். உள்ளே அரக்குச் சிக்கல்.

"இதான் கெடச்சுது. நிறுத்துச் சொல்லுங்க, நான் தையல் போட்டுக்கினு இருக்கேன். சீக்கிரம்."

அம்சவேணி அதை அலசினாள், துண்டில் ஒற்றினாள், நாய்க்கு முடி உலர்த்தும் மெஷினை வாங்கி உதறி உதறிக் காயவைத்தாள். நூலைப் பிடிக்க வேலாயுதத்தை அவள் விடவில்லை. பூனைக்குட்டி நிறுக்கும் தராசில் வைத்தார்கள். எட்டு. மறுபடி வைத்தார்கள். எட்டு.

"டாக்டரம்மா!" அம்சவேணி கதவைத் தட்டினாள். "இன்னும் மூணு கிராம் உள்ள கீது!"

"நல்லாத் தெரியுமாம்மா? ரொம்ப நேரம் மயக்கத்துல வைக்க முடியாது."

கேள்வி அம்சவேணிக்கு. ஆனால் அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தராசு தப்பாக இருந்து தேடினால், மயக்கத்திலேயே நாய் போய்விடும். சரியாக இருந்து தேடாவிட்டால், நூலாலேயே போய்விடும். வேலாயுதம் கதவுக்குப் பக்கமாய் வந்தார்.

"இவ நிறுத்தா நிறுத்ததுதாம்மா. தேடுங்க."

இருபது நிமிஷம். இரைப்பை வாயில் முடிச்சாக மாட்டியிருந்தது மிச்சம்.

கிளினிக் பில்லின் பின்பக்கத்தில், பழக்கதோஷத்தில், அம்சவேணி எழுதினாள். தின்றது பதினொன்று. வந்தது எட்டும் மூன்றும், பதினொன்று. குடலில் அறுப்பு இரண்டு, தையல் இரண்டு. பேனாவை அங்கேயே வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மயக்கத்தில் கிடந்த பக்கோடாவைப் பார்த்தாள். பிறகு கடைசி வரி: கண் திறப்பு, இன்னும் வரவு இல்லை.