அட்டவணையில் இடமில்லாத ஒரு போன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதை எழுத உட்கார்ந்து எழுதியது அல்ல. கட்டுரை எழுத உட்கார்ந்து கெட்டுப்போனது. ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டார்: ஐந்து நாடுகளின் அரசு மருத்துவத்தையும் தனியார் மருத்துவத்தையும் ஒப்பிட்டு, எல்லோருக்கும் புரியும்படி எட்டுப் பக்கம். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டு அட்டவணை போட்டேன். எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், எத்தனை படுக்கை, எத்தனை டாக்டர், யாருக்குக் கோபம். (கடைசிக் கட்டத்தை ஆசிரியர் அடித்துவிட்டார்.)

புள்ளிவிவரம் கேட்டு ஓர் அரசு மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்குப் போனேன். அங்கே ஆபரேஷனுக்குக் காத்திருப்போர் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மா ஒருவர் இருக்கிறார். பட்டியல் சிஸ்டர் என்றால்தான் வாசலில் வழி சொல்கிறார்கள். அவர் புள்ளிவிவரமும் கொடுத்தார், கூடவே தன்னுடைய வழக்கம் ஒன்றையும் சொன்னார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் என் கட்டங்களை முறைத்துப் பார்த்தேன். அந்த வழக்கத்தை எந்தக் கட்டத்தில் போடுவது என்று விளங்கவில்லை. அதனால்தான் கதை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "உலகில் இரண்டு வகை நோயாளிகள் உண்டு. வசதி உள்ளவர்கள், வசதி—"

வேண்டாம். மைக் இருந்தால் கைதட்டல் கிடைக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது முயற்சி: "பதினோராவது படியில் அவர் உட்கார்ந்துவிட்டார்." இது தேவலை. அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தெட்டு வருஷம் ஊரையே மேலே ஏற்றி இறக்கிய மனுஷன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். (ஜோடித்தது மாதிரி இருக்கிறதே என்பீர்கள். ஜோடித்ததுதான். அவருடைய வலியை மட்டும் நான் ஜோடிக்கவில்லை.) இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய்விட்டது, மாற்ற வேண்டும். அரசு மருத்துவமனையில் பெயர் எழுதி ஏழு மாதம் ஆகிறது. இன்னும் நாலு மாதம் ஆகும் என்கிறார்கள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள், இருப்பது வெளிநாட்டில்.

மகள் பதினாறு நாள் லீவில் வந்திருக்கிறாள். அதற்குள் ஆபரேஷன் நடந்தால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வாள். நடக்காவிட்டால், நாலு மாதம் கழித்து அவர் புது மூட்டோடு வீடு திரும்பும்போது ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இருக்காது. சிக்கல் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய சிக்கல் வேண்டுமென்றால் வேறு எழுத்தாளரைப் பாருங்கள்.

3

முதலில் அப்பாவைத் தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். என் முதல் வரைவில் அந்த இடத்தைக் கொள்ளைக்கூடாரமாக எழுதியிருந்தேன். பிறகு வெட்கப்பட்டு அடித்துவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த டாக்டர் தங்கமான மனுஷர். நாற்பது நிமிஷம் உட்கார்ந்து பேசினார். அப்பாவின் ஷூவைத் தானே குனிந்து கழற்றினார். இதயத்தில் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருக்கிறது என்று தெரிந்ததும் ஒளிக்காமல் சொன்னார்.

"எங்ககிட்ட இதயத்துக்குன்னு தனி வசதி கிடையாது. நடுவுல ஏதாவது ஆச்சுன்னா நாங்களே உங்களை ஆம்புலன்ஸ்ல ஏத்தி அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவோம். அதுக்கு நீங்க முதல்லயே அங்க இருந்துடறது நல்லது."

என் அட்டவணையில் இந்த இரண்டு மருத்துவமனைகளும் ஒன்றையொன்று பார்க்காத மாமியார் மருமகள் மாதிரி தனித்தனிக் கட்டத்தில் உட்கார்ந்திருந்தன. நிஜத்தில் ஒன்று கைவிரிக்கும் இடத்தில் இன்னொன்று தாங்கிக்கொள்கிறது, அதையும் முதலாவதே வாய்விட்டுச் சொல்கிறது.

4

மகளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இவளை நீங்கள் வெறுத்துவிடுவீர்களோ என்ற சந்தேகம்.

அவள் இருக்கும் நாட்டில் எல்லாம் இன்ஷூரன்ஸ். அதிலும் குறை சொல்ல மாட்டேன். அவள் கணுக்கால் பிசகிய அன்றே ஸ்கேன் எடுத்து, மறுநாள் டாக்டரே போன் செய்து எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அடேயப்பா என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவள் வேலை, ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, அதுமாதிரி ஸ்கேனும் சிகிச்சையும் வேண்டும் என்று வரும் கடிதங்களைப் படித்து, ஆகட்டும் அல்லது முடியாது என்று முடிவு சொல்வது. பதிமூன்று வருஷம். எந்த வாக்கியத்தைத் தட்டிக்கழிக்கலாம், எதைத் தொடவே முடியாது என்பது அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும்.*

(* அவள் கெட்டவள் இல்லை. அவள் ஆபீஸ் மாடி முழுக்க ஆட்கள், எல்லோருக்கும் சந்தேகப்படுவதுதான் உத்தியோகம். அங்கே பதிமூன்று வருஷம் உட்கார்ந்தால் நானும் அப்படித்தான் ஆகியிருப்பேன்.)

அரசு மருத்துவமனையில், நோயாளியின் நிலைமை மோசமானால் வீட்டார் கடிதம் கொடுக்கலாம். வரிசையை மறுபடி பார்ப்பார்கள். அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பத்தே நிமிஷத்தில் எழுதினாள். மூன்று வாக்கியம். ஒன்று, வலியால் ராத்திரி தூக்கமில்லை. இரண்டு, இந்த மாதம் இரண்டு தடவை விழுந்துவிட்டார். மூன்று, துணையில்லாமல் கழிப்பறைக்குப் போக முடியவில்லை.

முதலாவது சத்தியம். மற்ற இரண்டும் அவள் தொழில் கற்றுக்கொடுத்தவை. அப்பாவிடம் படித்துக் காட்டவில்லை.

5

இரண்டே நாளில் கூப்பிட்டுவிட்டார்கள். அப்பா நடைக்கூடத்தில் நின்றுகொண்டார். அவள் மட்டும் சிஸ்டரின் அறைக்குள் போனாள். சின்ன அறை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கக் கோப்புகள். விசாரணை இருக்கும், சான்றிதழ் கேட்பார்கள் என்று பதில்களை ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். சிஸ்டர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கடிதத்தைப் பெரிய டாக்டரும் தானும் படித்ததாகவும், வருகிற செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பாவுக்கு ஆபரேஷன் என்றும் சொன்னார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரு போன் பேசணும். அதுவரைக்கும் உட்காருங்க" என்றார் சிஸ்டர்.

இதுதான் அந்த வழக்கம். யாருக்காவது வரிசையில் முன்னால் இடம் கொடுத்தால், பின்னால் தள்ளப்படுகிறவருக்கு சிஸ்டரே போன் செய்து சொல்வார். முன்னால் போகிறவர் வீட்டு ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, ஸ்பீக்கரில் போட்டு. இரண்டு பக்கமும் பெயர் வராது. காரணம் மட்டும் வரும். எதிரே ஆள் இருக்கிறார், பேசலாமா என்று முதலில் சம்மதம் கேட்டுக்கொள்வார்.

மறுமுனையில் ஒரு பெண் குரல். பேசலாம் என்றது. தபால் கொடுக்கும் வேலையாம். செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்காக லீவு எழுதிக்கொடுத்து, தன் தெருக்களுக்கு மாற்று ஆளும் போட்டாயிற்றாம். ஆறு வாரம் தள்ளிப்போகிறது என்றார் சிஸ்டர். ஏன் என்று கேட்டாள். சிஸ்டர் அந்த மூன்று வாக்கியத்தையும் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தார்.

"விழறாரா?" என்றது குரல். "நான் விழல சிஸ்டர். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டாவது நடந்துடறேன். அவரை முதல்ல பாருங்க." பிறகு, "எதிர்ல இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க, பாத்ரூம் சுவத்துல ஒரு கைப்பிடி மாட்டச் சொல்லுங்க. எனக்கு அதுதான் உசுரைக் காப்பாத்துது."

6

இந்த இடத்தில் நான் இரண்டு நாள் எழுதவில்லை.

பிறகு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்று: மகள் எல்லாவற்றையும் மென்று விழுங்கிக்கொண்டு எழுந்து போகிறாள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நன்றாக நடக்கிறது, அப்பா நடக்கிறார். கெட்ட முடிவு என்று சொல்லிவிட முடியுமா? அப்பா நடக்கிறாரே. இரண்டு: அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் நம் தொண்டை அடைப்பதால் அவர் இடுப்புக்கு என்ன ஆகப்போகிறது? மூன்று: சிஸ்டர் செவ்வாய்க்கிழமை இரண்டு பேருக்குமே இடம் கண்டுபிடித்து— கிழித்துப் போட்டேன். ஆபரேஷன் மேஜை ஒன்றுதான்.

வழி தெரியாமல் சிஸ்டரிடமே போய்க் கேட்டேன். பொய்க் கடிதம் வந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாதா?

"பார்த்தாலே தெரியும் சார். வலியில இருக்கறவங்க வீட்டுல அவ்வளவு அழகா எழுத மாட்டாங்க."

"அப்புறம் ஏன் தேதி கொடுக்கறீங்க?"

"சந்தேகப்பட ஆரம்பிச்சா, நிஜமா விழறவரையும் ஒருநாள் நம்பாம விட்டுடுவேன். அதனால எல்லாரையும் நம்பிடறது. போன் மட்டும் போட்டுடறது. பாதிப் பேர் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கறதுக்குள்ள உண்மையைச் சொல்லிடுவாங்க."

மீதிப் பேர் என்று இழுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அவங்க அப்பாவுக்கும் வலிக்கத்தானே செய்யுது. நல்லபடியா பண்ணித்தான் அனுப்புவோம்."

ஐந்து நாடு, எட்டுப் பக்கம் என்று அளந்துகொண்டிருந்த எனக்கு அசடு வழிந்தது. எழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது; கூச்சத்தில் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

7

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. நாற்காலியை உங்களுக்கு விடுகிறேன். உட்காருங்கள். மகளுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும்: பேசாமல் எழுந்து போனால் உங்களை யாரும் பிடிக்க மாட்டார்கள். யாரும் முகத்தைக்கூடச் சுளிக்க மாட்டார்கள். அப்பாவை நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள்.

சிஸ்டர் போனை வைத்துவிட்டார். தேதிக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டிய தாளை உங்கள் பக்கம் திருப்புகிறார். திறந்த கதவு வழியாக நடைக்கூடம் தெரிகிறது. உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க முடியாது என்று அப்பா உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் பார்த்தபடி, நிற்கிறார்.

"செவ்வாய்க்கிழமை எட்டு மணி" என்கிறார் சிஸ்டர். "சரிதானேம்மா?"