நின்று நின்று வரும் கை

என் வீட்டில் காது கேட்பவள் நான் ஒருத்திதான். தங்கைக்கும் அவள் புருஷனுக்கும் பிறவியிலேயே கேட்காது, அவர்களுக்குப் பிறந்த குட்டிக்கும் அப்படியே. அதற்காக அமைதியான வீடு என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் இரண்டு பேரும் கையால் சண்டை போட ஆரம்பித்தால் பக்கத்தில் ஒரு தம்ளர் வைக்க முடியாது.

மாப்பிள்ளை வெல்டர். குட்டி கைக்குழந்தையாக இருந்தபோதே கப்பல் கட்டும் வேலைக்குக் கடல் தாண்டிப் போய்விட்டார். சாயங்காலமானால் தங்கை போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைப்பாள். குட்டி அப்பாவைப் பார்த்ததெல்லாம் அதில்தான்.

திடீரென்று படம் நின்று நின்று வர ஆரம்பித்தது. மாப்பிள்ளை கையைத் தூக்குவார், அப்படியே நிற்பார், மறுபடி அசைவதற்குள் பேச்சு முடிந்திருக்கும். நமக்கென்றால் படம் நின்றாலும் குரல் வரும். இவர்களுக்குக் கை நின்றால் எல்லாம் போச்சு.

இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்துவது என் பொறுப்பு. மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்று கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொன்னார்கள். கடைசியில் ஒரு பெண், பாவம், உள்ளதைச் சொல்லிவிட்டாள். கம்பெனியின் சொந்த வீடியோ செயலி மட்டும் வேகமாக ஓடுமாம். மற்ற செயலிக்காரர்கள் கம்பெனிக்குப் பணம் கட்டினால்தான் வேகமாம். எங்கள் செயலியைக் காது கேளாதவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்துகிறார்கள், அவர்கள் எங்கே போவார்கள்? கம்பெனியின் செயலியோ மாப்பிள்ளை இருக்கும் நாட்டில் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் தொலைத்தொடர்பு ஆணையம் ஒரு விதி கொண்டுவரப் போவதாக அறிவித்தது. இணையத்தில் போவது எதையும் ஆள் பார்த்து மெதுவாக்கக் கூடாது என்று. பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்றார்கள். தங்கையையும் குட்டியையும் இழுத்துக்கொண்டு போனேன். தங்கை கையால் சொல்லச் சொல்ல நான் வாயால் சொன்னேன். கம்பெனி வக்கீல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வாய்ஸ் கால் நல்லாத்தானேம்மா வருது? அதுல பேசச் சொல்லுங்களேன்."

நக்கலாகச் சொல்லியிருந்தால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருப்பேன். அந்த மனுஷன் அக்கறையாகத்தான் சொன்னார். என்ன சொல்கிறார் என்று தங்கை கேட்டாள். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன்.

விதி வந்தது. அன்று தங்கை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனால் அது அமலுக்கு வருவதற்குள் கம்பெனி கோர்ட்டுக்குப் போய், இப்படி எங்கள் கையைக் கட்டினால் புதிதாகக் கேபிள் போட முதலீடே வராது என்று சொல்லித் தடை வாங்கிவிட்டது. அப்புறம் வாய்தா மேல் வாய்தா. குட்டி நடந்தாள், ஓடினாள், அம்மாவிடம் கையாலேயே வாயடிக்கவும் ஆரம்பித்தாள். கேஸ் மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

மாப்பிள்ளை லீவில் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே மண்டியிட்டு, தேக்கி வைத்ததையெல்லாம் குட்டியிடம் கடகடவென்று கையால் கொட்டினார். அவள் மிரண்டுபோய் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தாள். 'அப்பா' என்று சொல்லக் கையைத் தூக்கினாள். கை பாதியில் நின்றது. கண்கூட இமைக்கவில்லை. பிறகு ஒரே வெட்டில் முடித்தாள். மாப்பிள்ளை பதறிவிட்டார். பிள்ளைக்குக் கையில் ஏதாவது கோளாறா என்று தங்கையைக் கேட்டார்.

தங்கை மெதுவாகக் கையால் சொன்னாள்: "என்கிட்ட நல்லாத்தான் பேசுறா. உங்ககிட்ட பேசுறதுன்னா இப்படித்தான்னு நெனச்சிருக்கா."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார்.

பிறகு குட்டியின் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். பாதியில் நிறுத்தி, மூச்சுக்கூட விடாமல் அப்படியே வைத்திருந்தார். குட்டியின் முகம் மலர்ந்தது. அவளுக்கு அப்போதுதான் அப்பாவை அடையாளம் தெரிந்தது. ஓடிப்போய் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.