பதினான்காம் எண்

யோருனின் டிராக்டர் சரியாக வேலிக் கதவின் நடுவில் வந்து நின்றுபோனது. தற்செயல்தான் என்று அவள் சொன்னாள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

வேலிக்குள் மாவட்ட அலுவலகத்து ஜீப் மாட்டிக்கொண்டது. அதில் இருந்த இங்வி ஒரு நில அளவைக்காரன். அவள் வயதுதான், ஐம்பதை ஒட்டியவன். பள்ளத்தாக்கின் அருவிகளைப் பட்டியல் எடுக்க வந்தவன், பதின்மூன்றை முடித்துவிட்டு, பதினான்காவதைத் தொலைநோக்கியில் எட்டிப் பார்த்து 'பெயரற்றது' என்று எழுதிக்கொண்டு கிளம்பியிருந்தான். மக்கள் வழக்கில் பெயருள்ள அருவியைத் தொடக்கூடாது என்பது சட்டம். பெயரற்றதின் ஆற்றைக் குழாயில் திருப்பி மின்சாரம் எடுக்கலாம். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பட்டியல் உறுதியாகிவிடும். இன்று புதன்.

"வண்டிய எடு, யோருன்."

"ஸ்டார்ட் ஆகலையே. சூடு தணிய நாலு மணி நேரமாவது ஆகும். அதுக்குள்ள அருவியப் பக்கத்துல போய்ப் பாத்துட்டே வந்துடலாம்."

"மழை வருது."

"ஐஸ்லாந்துல பொறந்துட்டு மழைக்குப் பயப்படற மொத ஆம்பள நீதான்."

இங்வி முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான்.

வாய்தான் அப்படிப் பேசியதே தவிர, அங்கே போய் என்ன பெயர் சொல்வது என்று யோருனுக்கே தெரியவில்லை. அந்த அருவிக்கு உண்மையிலேயே பெயர் கிடையாது. அவளுடைய ஹ்ரவுன்கோட் பண்ணையில் எல்லோருக்கும் அது வெறும் 'அருவி'. பண்ணை எல்லைக்குள் இருப்பதே ஒன்று, எதிலிருந்து பிரித்துக் காட்டப் பெயர் வைப்பது? ஆனால் படிவத்தில் அருவியின் பெயர் அருவி என்று எழுதினால் அலுவலகத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "தேவதைத் திரைன்னு எதையாவது அடிச்சு விடு, யாருக்குத் தெரியப்போவுது" என்று அவள் அண்ணன் போனில் யோசனை சொல்லியிருந்தான். காலையில் ஆடுகளைத் திறந்துவிடும்போது அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். நாக்கில் ஒட்டவேயில்லை.

எரிமலைக் குழம்பு உறைந்து கிடந்த மேட்டில் இருவரும் ஏறினார்கள்.

"கல்லு மேல கால வை! பாசிய மிதிக்காத!"

"பாசிதானே?"

"நீ மிதிச்ச தடம் மறைய நாப்பது வருஷம் ஆகும். அதுவரைக்கும் வந்து போறவங்க எல்லாம் உன்னத்தான் திட்டுவாங்க."

ஆற்றைக் கடக்கையில் அவன் வழுக்கி இடுப்புவரை நனைந்தான். பனியாற்றுத் தண்ணீர். பல் கிடுகிடுத்தது. அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டு, வெண்ணெய் தடவிய காய்ந்த மீனை அவன் கையில் திணித்தாள்.

"திரும்பிடலாம் யோருன். போதும்."

"பாதி வழி வந்தாச்சு. நீ வரலைன்னா படிவத்தக் குடு, நானே போய் எழுதிட்டு வரேன்."

கையெழுத்துப் போட வேண்டியவன் அவன். வேறு வழியில்லாமல் எழுந்தான்.

கடைசி வளைவைத் தாண்டியதும் அவன் நின்றுவிட்டான். அறுகோணக் கருங்கல் தூண்கள் வரிசையாய் நின்றன. அவற்றின் மேலே செந்நிறச் சாம்பல் அடுக்கு. அதைக் கிழித்துக்கொண்டு தண்ணீர் ஒரே வீச்சில் விழுந்தது. இங்வி தொப்பியைக் கழற்றினான். ஏன் கழற்றினோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. யோருனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எனக்குப் பிடிச்சிருக்கு," என்றான். "ஆனா பிடிச்சிருக்குன்னு எழுதப் படிவத்துல இடம் இல்ல. ஏதாவது ஒரு பேரச் சொல்லு. நான் துருவிக் கேக்க மாட்டேன்."

பேனா தயாராக இருந்தது. ஒரு பொய், இரண்டு சொற்கள், வேலை முடிந்துவிடும். அவள் வாயைத் திறந்தாள். அருவியின் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு அதை வேறு பெயரில் அழைக்க அவளுக்குக் கூசியது.

"அருவின்னு எழுது."

"எல்லாமே அருவிதான், யோருன். அத எப்படிப் பேருன்னு எழுதறது? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். உங்க அம்மா பேரு என்ன?"

"ஊல்வ்ஹில்தூர்."

"நம்ம நாட்டுல பிரதமர் எதிர்ல வந்தாக்கூட நாம பேரச் சொல்லித்தான் கூப்பிடுவோம். அம்மாவையும் அப்படித்தான் கூப்பிடறியா?"

"இல்ல. அம்மான்னு."

"ஏன், ஊர்ல வேற அம்மாவே இல்லையா?"

இங்வி மழைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தொடைமேல் படிவத்தை வைத்து, 'பெயரற்றது' என்பதை அடித்தான். அருவி என்று எழுதினான். அடுத்த கட்டத்தில் பெயருக்கு விளக்கம் கேட்டிருந்தது. பேனாவை உதறிக்கொண்டு சற்று யோசித்தான். பிறகு நிதானமாக எழுதி அவளிடம் நீட்டினான்.

'இந்தப் பண்ணையில் இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இல்லை.'