கியர் குமிழுக்குப் பட்டுச் சட்டை

காசிநாதனுக்குத் தன் வாடகைக் கார்மேல் இருந்த மோகம் பிள்ளையார்பாளையம் முழுக்கப் பிரசித்தம். மனைவி அம்சாவுக்குத் தலைவலி என்றால் சுக்கு அரைத்துப் போட்டுக்கொள் என்பான். கார் லேசாக முனகினால் அவனுக்குச் சோறு இறங்காது. பழைய ஹெரால்டுதான். ஆனாலும் கல்யாணப் பெண்ணை அழைத்துவர அதைத்தான் கேட்டு வருவார்கள். அந்தக் கர்வம் அவனுக்கு.

ஒரே ஒரு குறை உறுத்திக்கொண்டிருந்தது. கியர் தடியின் உச்சியில் இருந்த கறுப்புக் குமிழ் அழுதுவடிந்தது. எந்தக் கியர் எந்தப் பக்கம் என்று மேலே வெள்ளைக் கோடு போட்டிருந்தது, அவ்வளவுதான் அதன் லட்சணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திருகிக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, பக்கத்து வீட்டுக் கங்கையம்மாளிடம் கொண்டுபோனான். பட்டு இழை அறுந்தால் முடிச்சு தெரியாமல் பிணைப்பதற்கு அந்தத் தெருவில் அவளை விட்டால் ஆள் கிடையாது.

"மிச்சம் மீதி பட்டு இருந்தா இதுக்கு ஒரு சட்டை போட்டுக் குடும்மா. நடுவுல ஜரிகை ஓடணும்."

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மேல ஏதோ கோடு போட்டுக்கினு இருக்குதே அண்ணா. மூடிட்டா பரவால்லியா?"

"எனக்கு எதுக்கும்மா கோடு? கண்ண மூடிக்கினே போடுவேன்."

கஞ்சி தடவி, அரக்கு நிறப் பட்டு இழையை நெருக்க நெருக்கச் சுற்றி, நடுவில் ஜரிகை ஓட்டிக் கொடுத்தாள். பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. காரில் ஏறியவர்கள் எல்லாம் தொட்டுப் பார்த்தார்கள். காசிநாதன் தலைகால் புரியாமல் திரிந்தான்.

தை மாதம் திருப்புட்குழிக்குப் பெண்ணழைக்கப் போகவேண்டிய காலையில் அவனுக்குக் குளிர்காய்ச்சல். லாரி ஓட்டுகிற மச்சான் சிட்டிபாபுவை வரவழைத்தார்கள். வாசலில் நின்ற காருக்குப் பின்னால் கங்கையம்மாளும் அவள் புருஷன் தர்மனும் பாவு நீட்டியிருந்தார்கள். புடவையின் நீளவாட்டு இழைகளைத் தெரு நெடுக மரக்கால்களில் இழுத்துக் கட்டி, அறுந்ததைப் பிணைக்கிற வேலை அது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். அவள் குந்தி உட்கார்ந்து, தலை நிமிராமல் வேலையாயிருந்தாள்.

"மாமா, ஃபர்ஸ்ட் கியர் எந்தப் பக்கம்?" காரிலிருந்தே சிட்டிபாபு குரல் கொடுத்தான்.

கம்பளிக்குள் சுருண்டிருந்த காசிநாதனுக்கு எரிச்சல். லாரி ஓட்டுகிறவனுக்கு இதையுமா ஊட்டிவிட வேண்டும்?

"போட்டுப் பாருடா, தெரியும்."

போட்டுப் பார்த்தான். அவன் லாரியில் முதல் கியர் இருக்கும் இடத்தில் இந்தக் காரில் ரிவர்ஸ் இருந்தது. வண்டி பின்னால் பாய்ந்து, பாவு அறுந்து, மரக்கால் சாய்ந்தது. கங்கையம்மாளின் வலது கை மரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

தெருவே சிட்டிபாபுவை வாய்க்கு வந்தபடி ஏசியது. காசிநாதனும் கூடச் சேர்ந்து ஏசினான் என்பதுதான் வெட்கக்கேடு.

கட்டுப் பிரித்தபோது அவள் விரல்கள் மடங்கவில்லை. இனி இப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து காசிநாதனுக்குத் தூக்கம் போயிற்று. கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் படுத்துக்கிடந்தது நான்தான் என்று அவளிடம் சொல்லிவிட வேண்டும். மனசுக்குள் நூறு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் அவள் வீட்டுப் படியேறினான்.

அவள் முந்திக்கொண்டாள். "சிட்டிபாபுவத் திட்டாதண்ணா, பாவம். தப்பு என்னுது. கோட்ட மூடக்கூடாதுன்னு நான் அழுத்திச் சொல்லியிருக்கணும். இந்தக் கையாலதானே சுத்தினேன்."

"அது இல்லம்மா..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவள் பேச்சு அவனுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று நினைக்க அவனுக்கே அருவருப்பாயிற்று.

அவள் உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டும்போது அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

"இடது கையால குடுக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதண்ணா."

காசிநாதன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். குடித்துவிட்டுப் படியிறங்கினான்.