மச்சான் நாவலுக்கு மட்டும் மதிப்புரை இல்லை

என் கணவர் விமர்சகர். அவர் பேனாவைத் திறந்தாலே எழுத்தாளர்களுக்குப் பயம். என் அண்ணனோ நாவலாசிரியர், மூன்று நாவல் எழுதியவர். அந்த மூன்றைப் பற்றி மட்டும் இவர் ஒரு வரி எழுதியதில்லை. "சொந்தக்காரனைத் தூக்கிவிடறான்னு நாலு பேர் பேசுவாங்க" என்பார். விமர்சகனுக்குக் கை சுத்தமாக இருக்க வேண்டுமாம். பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் இந்த நேர்மையை மெச்சினார்கள். பொய் சொல்வானேன், எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

போன வாரம் ஒரு பத்திரிகை, அண்ணனைப் பேட்டி எடுக்கச் சொல்லி இவரைக் கேட்டது. மதிப்புரைதானே கூடாது, கேள்வி கேட்கலாமே என்று இவரும் ஒப்புக்கொண்டார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே ரெக்கார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எப்போதும் மச்சான், மாப்பிள்ளை என்று வாயடிக்கிறவர்கள் அன்றைக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி விறைப்பாக இருந்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தணிக்கை, தேர்தல், எழுத்தாளன் கட்சியில் சேரலாமா என்று பேச்சு சூடு பிடித்தது.

"கட்சிக்காரன் கைதட்டலுக்கு ஆசைப்பட்டா, அப்புறம் அவன் சொல்றதைத்தான் எழுதணும்" என்றார் அண்ணன்.

கடைசியில், எல்லா எழுத்தாளரிடமும் கேட்கிற கேள்வியைப் பழக்கதோஷத்தில் இவர் அண்ணனிடமும் கேட்டார்: "அடுத்து என்ன எழுதறீங்க?"

"நிறுத்திட்டேன் மாப்பிள்ளை."

"ஏன் மச்சான்?"

"ஊர்ல இருக்கற அத்தனை பேர் புத்தகத்தையும் கிழிச்சீங்க. என்னுதை மட்டும் தொடலை. நல்லா இல்லைன்னு எழுதினா குடும்பத்துல மனஸ்தாபம் வரும், தங்கச்சி புருஷன் எப்படிச் சொல்வாரு, பாவம்னு நானே புரிஞ்சுக்கிட்டேன். நாலாவது நாவலைப் பாதியிலயே விட்டுட்டேன்."

இவர் முகம் வெளிறிப்போயிற்று. ரெக்கார்டரை அணைத்தார். அண்ணனின் இரண்டாவது நாவலில், கரண்ட் போன ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே படியேறுகிற இடம் வரும். புத்தகத்தைத் தொடாமல் அந்தப் பக்கம் முழுவதையும் வரி பிசகாமல் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமையலறை வாசலில் நின்று இதே பக்கத்தை எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்! "உங்கண்ணன் மனுஷனே இல்லை, எப்படி எழுதியிருக்கார் பாரு" என்பார். அண்ணனிடமும் சொல்லியிருப்பார் என்றே நான் நினைத்திருந்தேன்.

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எழுத வேணாம் மாப்பிள்ளை. இதே மேசையில சாப்பிடும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, அதையே எழுதுங்கன்னு கேட்டுடுவீங்களோன்னு..." என்று இழுத்தவர் சட்டென்று கையை நீட்டினார். "அந்தப் பாதியைக் குடுங்க மச்சான். இன்னிக்கே படிக்கறேன்."

"வீடு மாத்தினப்ப பழைய பேப்பரோட போட்டுட்டேன்."

நீட்டிய கையை இவர் மடக்கவே இல்லை.