பிரிக்காத பெட்டி

இளையபெருமாளை வீட்டுக்கு அனுப்பிய அன்று டாக்டர் அவருடைய மகன் அறிவுச்செல்வனைத் தனியாக அழைத்துப் பேசினார். நுரையீரல் இனித் தேறாது, ஆக்சிஜன் மிஷின் ஒன்று வாங்கி வைத்தால் இருக்கிற வரைக்கும் திணறாமல் இருப்பார் என்றார். எவ்வளவு நாள் என்று அறிவு கேட்டான். "ரொம்ப எதிர்பாக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அறிவு ஒரத்தநாட்டில் பள்ளி ஆசிரியன். அவன் குடும்பத்தில் முதன்முதலாகச் சம்பள வேலைக்குப் போனவன். மிஷினை வாடகைக்கு எடுக்கத்தான் முதலில் அலைந்தான். பனிக்காலம். வாடகை மிஷின்கள் எல்லாம் யார் யார் வீட்டிலோ ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் பக்கம் குஞ்சிதபாதம் என்பவருடைய கடையில் புது மிஷின் கிடைத்தது. விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்து நின்றான். ஆஸ்பத்திரிச் செலவுக்கே கடன் வாங்கியிருந்தான்.

துணைக்கு வந்திருந்த அண்ணாதுரை, அதே பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர், கடைச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். பிரிக்காத மிஷினை இரண்டு வாரத்துக்குள் திருப்பித் தந்தால் முழுப் பணமும் கிடைக்கும் என்று அதில் எழுதியிருந்தது.

"வாங்கிருங்க சார். அட்டைப்பெட்டி, தெர்மாக்கோல் எதையும் தூக்கிப் போட்றாதீங்க. அப்புறம் பிரிக்கவே இல்லன்னு கொண்டாந்து குடுத்துரலாம். எல்லாரும் பண்றதுதான்."

எதற்கு அப்புறம் என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

பில் போடும்போது அந்தத் தாளைப் பற்றிக் குஞ்சிதபாதமே பேச்சை எடுத்தார். "சில பேரு இங்க வாங்கிட்டு வீடு போய்ச் சேர்றதுக்குள்ள ஆளு போயிடுது சார். அவங்ககிட்ட போயி வித்தது வித்ததுதான்னு சொல்ல மனசு வரல. அதுக்காக ஒட்டினது. உங்க அப்பாவுக்கு அப்படியெல்லாம் ஆகாது, தைரியமா எடுத்துட்டுப் போங்க."

அறிவு பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

வீட்டில் பிளேடால் ஒட்டுத்தாளை ஓரமாகக் கீறி, அட்டை கிழியாமல் பெட்டியைத் திறந்தான். பாலித்தீன் உறையை மடித்து உள்ளேயே வைத்துப் பெட்டியைப் பரணில் ஏற்றினான். அவன் மனைவி வேம்பு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எதுக்குங்க அது?"

"இருக்கட்டும்."

அன்றைக்கு முழுக்க அவள் அவனிடம் சரியாகப் பேசவில்லை.

மிஷின் ஓடத் தொடங்கியதும் இளையபெருமாளுக்குக் கொஞ்சம் தெளிந்தது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. "நம்ம வயல்ல அறுப்பு மிஷின் எறங்கிருச்சா? ஈரத்தோட அறுத்துறப் போறானுவோ, போய்ப் பாரு" என்று மகனை விரட்டினார். மருமகளிடம் மீன் குழம்பு கேட்டு, சோற்றில் பிசைந்து நாலு வாய் சாப்பிட்டார். வேம்புவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அறிவுக்கும் சந்தோஷம்தான். மறுநாள் காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கும்போதுதான் அவன் கை நின்றது. கெடு முடிய இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது என்று மனம் கூப்பிடாமலே வந்து சொன்னது. அதற்குள் என்ன நடக்க வேண்டும் என்று நினைக்கிறோம் என்பது புரிந்ததும் தாளைக் கிழிக்காமலே விட்டுவிட்டு வந்தான்.

"என்னடா மொகமெல்லாம் இப்புடிக் கெடக்கு?" என்றார் அப்பா. "நான் நல்லாத்தானே இருக்கேன்."

அதற்கடுத்த வாரம் ஒரு விடியற்காலையில், மூக்குக் குழாயோடு தூங்கியபடியே இளையபெருமாள் போய்விட்டார். வேம்பு அலறியபோது அறிவு முதலில் செய்தது மிஷினை அணைத்ததுதான். கெடு இன்னும் முடியவில்லை என்ற நினைப்பு அந்த நேரத்திலும் வந்துபோனது. தன் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அதை நினைத்ததை அவனால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் பால் தெளிப்பு முடிந்தது. கடன் கொடுத்தவர்கள் துக்கம் கேட்க வந்தபோது கடனைப் பற்றி எதுவும் பேசவில்லை, ஆனால் அவர்கள் வந்துபோனதே கேட்டது போல இருந்தது. "நாளையோட முடியுது சார்" என்று அண்ணாதுரை போனில் நினைவுபடுத்தினார். அறிவு மிஷினில் மாட்டும் தண்ணீர் பாட்டிலை எலுமிச்சை போட்டுத் தேய்த்துக் கறை போக்கினான். வேறொரு கடையில் புது மூக்குக் குழாய் வாங்கி வந்து வைத்தான். மிஷினைத் துடைத்து உறை போட்டு, பெட்டியின் ஓரத்தைத் திரும்ப ஒட்டினான். வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு புதாற்றுக் கால்வாய்க் கரை வழியாகத் தஞ்சாவூருக்குப் போனான்.

கடையில் ஓர் அம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையில் முக்காடு, மடியில் ஆஸ்பத்திரிப் பை. அவருக்காகப் புது மிஷின் ஒன்றை எடுத்துவர ஆள் உள்ளே போயிருந்தான்.

குஞ்சிதபாதம் எழுந்து வந்தார். "அப்பா எப்புடி இருக்காங்க சார்?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள்தான். ஆனால் அப்பா செத்ததை ஒரு பொய்க்கு நடுவே வைத்துச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

"நல்லாயிட்டாங்க" என்றான். "ஆஸ்பத்திரியிலயே இன்னும் கொஞ்ச நாள் வச்சிருந்தோம். தேறிட்டாங்க. மிஷினே தேவைப்படல. பிரிக்கவே இல்ல."

குஞ்சிதபாதத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "இங்க திரும்பி வர்ற மிஷினெல்லாம் சாவு வீட்டுலேருந்துதான் வரும் சார். ஆளு பொழச்சுத் திரும்பி வந்தது இதுதான் மொதத் தடவ." பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் பில் புத்தகத்தை எடுத்தார். "வாத்தியார் சொன்னாச் சரி."

அந்த அம்மாள் எழுந்து வந்தார். "அண்ணே, எனக்கு இந்த மிஷினையே குடுங்க."

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுதான். இருந்தாலும் இது நல்ல சேதியோட வந்திருக்கு." அறிவின் பக்கம் திரும்பினார். "எங்க வீட்டுக்காரருக்கும் நெஞ்சுதான் தம்பி. அரிசி ஆலையில தவிட்டுத் தூசிய முழுங்கியே காலத்தப் போக்கினவரு. உங்க அத்தா எந்திரிச்ச மாதிரி அவரும் எந்திரிச்சு ஒக்காந்தாப் போதும், அல்லா காப்பாத்தணும்."

"வேணாம்மா. நீங்க வேற எடுத்துக்குங்க."

"ஏன் தம்பி, இதுவும் புதுசுதானே?"

அறிவு கடைக்காரரைப் பார்த்தான். "சார், நான் திருப்பிக் குடுக்கல. எடுத்துட்டுப் போறேன்."

"ஏன் சார், என்ன ஆச்சு?"

அந்த அம்மாள் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குத்தான் தேவையில்லேன்னு ஆயிருச்சே தம்பி. எனக்கு விட்டுக் குடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"அம்மா" என்றான் அறிவு. "எங்க அப்பா செத்துட்டாரு. இந்த மிஷின் ஓடிக்கிட்டு இருக்கறப்பதான்."

அவர் கை பெட்டியிலிருந்து மெல்ல நழுவியது.

குஞ்சிதபாதம் பேனாவைக் கீழே வைத்தார். "பிரிக்கலன்னு சொன்னீங்களே."

"பிரிச்சேன். வாங்கின நாள்லேருந்து ஓடுச்சு."

"வாங்கும்போதே இந்த எண்ணந்தானா?"

"ஆமா சார்."

அவர் சத்தம் போட்டிருந்தால் அறிவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். "நாளைக்கு நெஜமாவே பிரிக்காமக் கொண்டாந்து அழுதுகிட்டு நிக்கறவங்கள நான் எப்புடி சார் பாக்கறது?" என்றார்.

அந்த அம்மாள் திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே கேட்டார்: "கடைசியில ரொம்பத் திணறினாங்களா தம்பி?"

"இல்லம்மா. தூக்கத்துலதான். முந்தின நாளுகூட நல்லாப் பேசிக்கிட்டு இருந்தாரு."

"திணறவே இல்லியா?"

"இல்ல."

முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஆளும் எந்திரிக்கப் போறதில்ல. டாக்டரு சொல்லிட்டாரு. நாந்தான் வாயால சொல்லாம இருக்கேன். திணறாமப் போனாப் போதும் தம்பி. அண்ணே, இதையே குடுங்க."

"இத நான் விக்க முடியாதும்மா. ஓடின மிஷின். இது அவரோட பொருளு."

"அப்ப அவருகிட்டயே கேக்கறேன்." அவர் அறிவைப் பார்த்தார். "எங்க ஆளுக்கு மூச்சு இருக்கறவரைக்கும் குடுத்து வைங்க தம்பி. அப்புறம் நானே கொண்டாந்து திருப்பித் தந்துடறேன்."

எவ்வளவு எளிதாகக் கேட்டுவிட்டார் என்று அறிவு நினைத்தான். பெட்டியை அவர் பக்கம் தள்ளினான். "எடுத்துக்குங்கம்மா" என்றான்.

குஞ்சிதபாதம் உள்ளே போய்ப் புது ஃபில்டர் ஒன்றை எடுத்துவந்து பெட்டியின்மேல் வைத்தார். "மாத்திட்டுப் போடுங்க" என்று அந்த அம்மாளிடம் சொன்னார். அறிவின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

வந்த காரிலேயே மிஷினையும் அந்த அம்மாளையும் ஏற்றிக்கொண்டு கீழவாசலுக்குப் போனான். அவர் பெயர் கமருன்னிஸா என்று வழியில் தெரிந்தது. சந்துக்குள் சின்ன வீடு. கட்டிலில் அவருடைய கணவர் ஜெகபர் அலி, முழங்கையை ஊன்றி முன்னால் குனிந்து, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

அறிவு பெட்டியைக் கிழித்தே திறந்தான். பாட்டிலில் எதுவரை தண்ணீர் விட வேண்டும், ஃபில்டரை எப்படிக் கழற்ற வேண்டும், கரண்டு போனால் என்ன செய்ய வேண்டும் என்று கமருன்னிஸாவுக்குக் காட்டிக் கொடுத்தான். குழாயை ஜெகபர் அலியின் காதுக்குப் பின்னால் கொண்டுபோகும்போது பஞ்சு கேட்டு வாங்கி, தோல் உரசாதபடி இரண்டு பக்கமும் சுற்றிவிட்டான். "இப்புடி வச்சா உறுத்தாதும்மா" என்றான். அதைச் சொல்லும்போதுதான், அப்பா போனதிலிருந்து முதல்முறையாக, அவன் கண்ணில் நீர் வந்தது.

வெகுநேரம் கழித்து ஜெகபர் அலி முதுகைத் தலையணையில் சாய்த்தார். தோள் இறங்கியது.

"யாரு இது?" என்று மனைவியிடம் சைகையால் கேட்டார்.

"அவுங்க அத்தா மௌத்தாயிட்டாங்க. அவுங்க மிஷினு" என்றார் கமருன்னிஸா.

அவர் அறிவைப் பார்த்தார். விட்டுவிட்டுத்தான் பேச முடிந்தது. "அத்தா... பேரு?"

"இளையபெருமாள்."

"என்ன... வேல?"

அறிவு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்பா பிறர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர் என்றும், பிற்பாடு வாய்க்காலை ஒட்டிச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கினார் என்றும் சொல்ல ஆரம்பித்தான். கார்க்காரன் வாசலில் ஒருமுறை ஹாரன் அடித்தான். அவன் எழுந்திருக்கவில்லை.